வைக்கோலைச் செரிக்க வைக்கும் தழை

உத்திரமேரூர் பக்கம் ஆடு மாடு வைத்திருப்பவரிடம் தீவனத் தட்டுப்பாடு எந்த மாதத்தில் என்று கேட்டுப் பாருங்கள். சித்திரை, வைகாசி என்பதோடு நிறுத்த மாட்டார். ஐப்பசியையும் கார்த்திகையையும் சேர்த்துச் சொல்வார். மழை பெய்து வரப்பெல்லாம் பச்சை கட்டியிருக்கும்போது என்ன தட்டுப்பாடு என்று வெளியூர்க்காரருக்குத் தோன்றும். கழனி முழுக்கச் சம்பா நட்டிருக்கும், ஆட்டை இறக்க முடியாது. ஏரி நிரம்பி உள்வாயில் தண்ணீர் நிற்கும். மிச்சம் இருப்பது ஏரிக்கரை, வாய்க்கால் ஓரம், தார்ச்சாலை ஓரம் மட்டும்தான். அந்த ஈரத்தில் நாள் முழுக்க நடந்தால் குளம்பு புண்ணாகும். நீலநாக்கு நோய் பரவும் காலமும் அதுவே.

தை மாதத்தில் அறுப்பு முடிந்ததும் சில வாரம் கழனியில் தாள் மேயலாம். ஏரியில் தண்ணீர் இருந்தால் உடனே நவரை போட்டுவிடுவார்கள், மறுபடி தடை. நவரையும் முடிந்து ஏரி வற்றும்போது உள்வாயில் கொஞ்சம் புல்லும் கோரையும் கிடைக்கும், கருவேலங்காய் உதிரும். அதற்குப் பிறகு ஆடிவரை வெறுந்தரை. ஆக, புல் இருக்கும்போது மேய்க்க இடமில்லை. இடம் இருக்கும்போது புல் இல்லை. தீவனப் பயிர் ஆராய்ச்சி நமக்கு என்ன தந்திருக்கிறது என்பதை இந்த முட்டுக்கட்டையை மனதில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டு தட்டுப்பாட்டுக்கும் மாட்டுக்காரர் நம்புவது வைக்கோலை. நெல் விளைகிற பூமியில் வைக்கோலுக்குப் பஞ்சமில்லை. இப்போது அறுப்பு இயந்திரம் போட்டுவிட்டுப் போவதைக் கட்டு கட்டும் இயந்திரம் சுருட்டிக் கொடுத்துவிடுகிறது. ஆனால் வைக்கோலில் புரதம் 3, 4 சதவீதம்தான். மாட்டின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள்தான் நாரை உடைத்துக் கொடுக்கின்றன. அவற்றுக்கும் சோறு வேண்டும். தின்னும் தீவனத்தின் காய்ந்த எடையில் புரதம் 7 சதவீதத்துக்குக் கீழே போனால் அவை பெருகுவதில்லை. நார் உடைவது தாமதமாகும், வயிறு காலியாகாது, அடுத்த வாய் வைக்க மாட்டுக்கு மனம் வராது. போர் நிறைய வைக்கோல் இருந்தும் மாடு எலும்பும் தோலுமாக நிற்பதற்கு இதுதான் காரணம். மாட்டுக்குத் திமிர் என்று சிலர் சொல்வதுண்டு. பாவம், அது பட்டினி.

இங்கேதான் தழை வருகிறது. ஒரு தோராயக் கணக்கு பார்ப்போம். 6 கிலோ வைக்கோலில் கால் கிலோ புரதம்கூட இராது. அதோடு அகத்தி, சூபாபுல் மாதிரி ஒரு மரத்தின் பச்சைத் தழை 6 கிலோ சேர்த்தால், அது காய்ந்த எடையில் ஒன்றரைக் கிலோ. அதில் ஐந்தில் ஒரு பங்கு புரதம் என்று வைத்தால் 300 கிராம். மொத்தத்தையும் சேர்த்துப் பார்த்தால் புரதம் 7 சதவீதத்தைத் தாண்டிவிடும். தழை தானும் சத்துக் கொடுக்கிறது, வைக்கோலையும் செரிக்க வைக்கிறது. பருத்திக்கொட்டை, பிண்ணாக்கு விலை தெரிந்தவர்களுக்கு இந்த 300 கிராமின் மதிப்பைச் சொல்ல வேண்டியதில்லை.

இதையெல்லாம் ஆராயும் இடம் பக்கத்திலேயே இருக்கிறது. உத்திரமேரூருக்கு வடகிழக்கே, சென்னை - திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டிய காட்டுப்பாக்கத்தில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பண்ணையும் கால்நடை ஊட்டச்சத்து ஆராய்ச்சியும் இருக்கின்றன. காஞ்சிபுரம் மாவட்டம் 2019-ல் பிரிந்தபோது காட்டுப்பாக்கம் செங்கல்பட்டோடு போய்விட்டது. உத்திரமேரூர் காஞ்சிபுரத்திலேயே நின்றது. ஆடுகளுக்கு மாவட்ட எல்லை தெரியாது என்பதால் இரண்டு பக்கத்துக்கும் ஒரே இனம்: மெட்ராஸ் ரெட் என்கிற சென்னைச் சிவப்புச் செம்மறி. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் பூமிக்கே உரிய இந்த ஆட்டை மேம்படுத்தும் வேலையும் காட்டுப்பாக்கத்தில்தான் நடக்கிறது.

எந்தத் தழை எவ்வளவு செரிக்கும் என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? தீவனத்தை ஆராயும் நிலையங்களில் உலகம் முழுக்கச் செய்கிற ஒரு சோதனை பார்க்கிறவரைத் திடுக்கிட வைக்கும். மாட்டின் இடது விலாவில் அறுவை செய்து ஒரு துளை, அதற்கு ரப்பர் மூடி. மாடு பாட்டுக்கு அசை போட்டுக்கொண்டிருக்கும். ஆராய்ச்சியாளர் மூடியைக் கழற்றி, உலர்த்தி அரைத்த தழையைச் சின்ன நைலான் பையில் கட்டி, உள்ளே இறக்கி, மூடிவிடுவார். பையின் கண் வழியாக நுண்ணுயிர் போகும், தழைத் துகள் வெளியே வராது. 24 மணி, 48 மணி நேரம் கழித்து வெளியே எடுத்து, கழுவி, உலர்த்தி, எடை போட்டால் எவ்வளவு கரைந்தது என்று தெரிந்துவிடும். இன்னொரு சோதனை இதைவிட எளிது: வரிசையாகத் தொட்டிகளில் வேறு வேறு தழை வைத்து ஆட்டை விடுவார்கள். எதில் முதலில் வாய் வைக்கிறது, எதை மோந்துவிட்டு நகர்கிறது என்று குறிப்பார்கள். மேய்ப்பவர் தினமும் பார்க்கிற காட்சிதான். தராசு மட்டும்தான் கூடுதல்.

தமிழ்நாட்டில் தீவன ஆராய்ச்சி என்றாலே முதலில் நினைவுக்கு வருவது கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல். நம்மூர்க் கம்பையும் ஆப்பிரிக்க யானைப்புல்லையும் கலந்தது. கோ 3 வந்தது 1996-ல், கோ 4 2008-ல், கோ 5 2012-ல். தண்ணீரும் எருவும் குறையாமல் கொடுத்தால் கோ 4 எக்டேருக்கு ஆண்டுக்கு 380 முதல் 400 டன் பசுந்தீவனம் தரும் என்பது பல்கலைக்கழகக் கணக்கு. முதல் வெட்டு 75 நாளில், பிறகு 45 நாளுக்கு ஒரு வெட்டு. கிணறும் மோட்டாரும் இருந்து நாலு கறவை மாடு கட்டியவர் கால் ஏக்கர் போட்டால் வீண் போகாது.

ஒன்றை மட்டும் கவனத்தில் வையுங்கள். இந்த ஒட்டுப்புல் முளைக்கிற விதை வைக்காது. கம்பின் குரோமோசோம் 14, யானைப்புல்லின் குரோமோசோம் 28, ஒட்டில் 21. ஒற்றைப்படையாகப் போனதால் மலடு. கரணை வெட்டித்தான் நட வேண்டும். ஆகவே, ‘சூப்பர் நேப்பியர் விதை’ என்று பாக்கெட்டில் அடைத்து யாராவது விற்றால், பணத்தைப் பத்திரமாகப் பையிலேயே வைத்துக்கொண்டு திரும்பி வாருங்கள்.

இந்தப் புல்லை மட்டும் போட்டு மாட்டை வளர்ப்பதிலும் சிக்கல் உண்டு. இதில் ஆக்சலேட் இருக்கிறது; உடம்பில் சேர வேண்டிய சுண்ணாம்புச் சத்தை அது பிடித்துக்கொள்ளும். அதனால்தான் மூன்று பங்கு புல்லுக்கு ஒரு பங்கு பயறுவகைத் தீவனம் என்று சொல்கிறார்கள். பயறுவகையில் நம் பக்கத்துக்கு ஒத்துப்போவது வேலிமசால். வரப்பிலும் வேலி ஓரத்திலும் வளரும், நட்டால் பல ஆண்டு நிற்கும், புரதம் 20 சதவீதம் அளவுக்கு இருக்கும். விதையின் தோல் கெட்டி. அப்படியே தூவினால் பாதிகூட முளைக்காது. தண்ணீரைக் கொதிக்க வைத்து அடுப்பிலிருந்து இறக்கி, விதையை அதில் நாலைந்து நிமிடம் போட்டு வடித்து, குளிர்ந்த நீரில் ஊற வைத்து விதைக்க வேண்டும். அடுப்பில் இருக்கும்போதே போட்டால் விதை வெந்துவிடும்.

ஆனால் இதெல்லாம் அறுத்துக் கொண்டுவந்து தொட்டியில் போடுகிறவருக்கான வழி. உத்திரமேரூர் பக்கத்துச் செம்மறிகளில் பெரும்பாலானவற்றின் சொந்தக்காரருக்குக் கால் ஏக்கர் நிலமும் இல்லை, மோட்டாரும் இல்லை. தமிழக அரசு 2011-ல் விலையில்லா ஆடு கொடுக்கத் தொடங்கியபோது ஒரு வீட்டுக்கு நாலு ஆடு வந்தது. நிலமில்லாத பெண்களுக்கு அது நல்ல முதல். ஆட்டோடு மேய்ச்சல் நிலம் வரவில்லை. இவர்களைப் பொறுத்தவரை, கோ 4 எத்தனை டன் விளைந்தாலும் பக்கத்து வீட்டுக் கல்யாணச் சாப்பாடுதான்.

மேய்ச்சலுக்கான ஆராய்ச்சி வேறு பாதையில் போனது. 1962-ல் ஜான்சியில் தொடங்கிய இந்தியப் புல்வெளி, தீவன ஆராய்ச்சி நிறுவனம் மரம், புல், பயறு மூன்றையும் ஒரே நிலத்தில் வளர்க்கும் முறையைப் பல ஆண்டு சோதித்தது. தரிசில் கொழுக்கட்டைப் புல், இடையில் முயல்மசால், மேலே சூபாபுல் அல்லது வேறு தழை மரம். மழைக்கு முதலில் புல் எழும். அது காயத் தொடங்கும்போது முயல்மசால் பச்சையாக இருக்கும். அதுவும் ஓய்ந்தபின் ஆழ வேர் விட்ட மரம் தழை கொடுக்கும்.

முயல்மசாலுக்கு ஒரு கதை உண்டு. தென்னமெரிக்கச் செடி அது. ஆஸ்திரேலியாவின் வெப்பப் பகுதியில் அதன் ஒரு வகையை மேய்ச்சல் நிலமெங்கும் பரப்பினார்கள். 1970-களில் ஆந்த்ராக்னோஸ் என்ற பூஞ்சை நோய் வந்து துடைத்துவிட்டது. பிறகு நோயைத் தாங்கும் வேறு வகைகளைத் தேடிப் பிடித்தார்கள். இன்று நம் தரிசுகளுக்குச் சிபாரிசு செய்யப்படும் ஹமாட்டா, ஸ்காப்ரா வகைகள் அந்தத் தேடலோடு சேர்ந்தவை. ஸ்காப்ராவைப் பச்சைப் புல் இருக்கும்வரை மாடு சீண்டாது, புல் காய்ந்ததும் தேடி வந்து தின்னும். பஞ்சத்துக்குச் சேமித்து வைத்த மாதிரி நிற்பதால் இதை நான் குறையாக நினைக்கவில்லை.

ஜான்சி சொன்ன மூன்றடுக்கு முறையைக் கொங்கு நாட்டுக் குடியானவர்கள் யாரும் சொல்லித் தராமலே வைத்திருந்தார்கள் என்பதுதான் இதில் சுவையானது. காங்கேயம், தாராபுரம், மூலனூர் பக்கம் போனால் கொறங்காடு தெரியும். மானாவாரிப் பூமியைப் பட்டி பட்டியாகப் பிரித்து, சுற்றிலும் கிளுவை முள்வேலி. உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம். மழை குறைந்த அந்தச் சீமையில் காங்கேயம் மாடும் செம்மறியும் பிழைத்துக் கிடப்பது இதனால்தான். ஒரு பட்டியில் புல் குறைந்ததும் அடுத்த பட்டிக்கு மாற்றிவிடுவார்கள். கோடையில் வெள்வேலங்காய் பழுத்து விழும். ஆடு மாடு தின்றது போக மிச்சத்தைப் பொறுக்கி விற்பதும் உண்டு. கிளுவை ஆள் காவல் இல்லாமல் வேலி காக்கும்.

அந்த முறையை அப்படியே இங்கே பெயர்த்து வைக்க முடியாது. கொறங்காடு தனியார் நிலம், மேடு, மழை குறைவு. உத்திரமேரூர் ஆண்டுக்கு 1,200 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெய்யும் ஏரிப் பாசன பூமி. பள்ளத்தில் தண்ணீர் நிற்கும். கொழுக்கட்டைப் புல் மேட்டு நிலத்துக்குத்தான் ஆகும், தண்ணீர் நின்றால் அழுகிவிடும். பள்ளத்துக்கு எருமைப்புல் என்கிற நீர்ப்புல் சரியாக வரும். நமக்கு இங்கே பெரிய பரப்பு இல்லை. கோடுகள்தான் இருக்கின்றன: வரப்பு, வாய்க்கால் கரை, ஏரிக்கரையின் வெளிச்சரிவு, வேலி ஓரம், தென்னந்தோப்பின் எல்லை. கோட்டில் நடுவதற்கு ஏற்றது மரம்.

எந்த மரம்? வரப்புக்கு அகத்தி. அமாவாசைக்குப் பசுவுக்கு அகத்திக்கீரை கொடுப்பது புண்ணியக் கணக்கு என்றாலும், சத்துக் கணக்கிலும் அது தவறில்லை. காய்ந்த எடையில் நாலில் ஒரு பங்கு புரதம். ஆனால் அகத்தியை மொட்டையாக வெட்டினால் பட்டுப்போகும். பக்கக் கிளைகளை மட்டும் ஒடிக்க வேண்டும். கோழிக்குப் போடாதீர்கள், ஆகாது.

வாய்க்கால் கரைக்குப் பூவரசு. போத்து வெட்டி ஊன்றினால் பிடித்துக்கொள்ளும். புரதம் அகத்தி அளவுக்கு இல்லை, ஆனால் ஆண்டு முழுக்கப் பச்சை. ஒதியனையும் போத்தாகவே நடலாம். ஒதி பெருத்தால் உத்தரமாகுமா என்று கேட்டு அந்த மரத்தை நாம் அவமானப்படுத்தி வைத்திருக்கிறோம். உத்தரத்துக்கு ஆகாது, சரி. ஆனால் மழைக்காலத்தில், ஆட்டை வெளியே விட முடியாத அந்த ஐப்பசி, கார்த்திகையில், அது தழை நிறைந்து நிற்கும். தை, மாசிக்குப் பிறகுதான் உதிர்க்கும்.

கோடைக்கு வாகை. பனிக்காலம் முடியும்போது இலையை உதிர்த்துவிட்டு, வெயில் ஏறும்போது துளிர்க்கும். நம் நாட்டு மரமான இதை வடக்கு ஆஸ்திரேலியாவில் ஆராய்ந்தவர்கள், வாகை நிழலில் புல் வெட்டவெளியைவிட அதிகமாக வளர்வதைக் கண்டார்கள். மரத்தடியில் புல் வளராது என்று வரப்பில் இருப்பதையெல்லாம் வெட்டித் தள்ளுபவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

கிளைரிசிடியாவைத் தோப்பு வேலிக்கு வைக்கலாம். இலங்கையில் தேயிலை, ரப்பர், தென்னைக்கு அடுத்த நாலாவது தோட்டப் பயிராக அரசே அதை அறிவித்திருக்கிறது. அதன் வாடைக்கு மாடு முதலில் முகத்தைத் திருப்பும். ஒரு நாள் வாட வைத்துக் கொடுத்தால் பழகிவிடும்.

இனி சூபாபுல் என்கிற சவுண்டல். இதைப் பற்றிக் கிராமத்தில் பயம் இருக்கிறது. தின்றால் முடி கொட்டும், கரு கலையும் என்பார்கள். பயத்துக்கு ஆதாரம் உண்டு. இதில் மிமோசின் என்ற நச்சுப் பொருள் இருக்கிறது. குதிரையும் பன்றியும் தின்றால் நிஜமாகவே முடி உதிரும். மாட்டின் வயிற்றில் மிமோசின் வேறொரு பொருளாக மாறி, தைராய்டு சுரப்பியை வீங்க வைக்கும். ஆஸ்திரேலியாவில் சூபாபுல் மேய்ந்த மாடுகள் இப்படித்தான் நலிந்தன. ஆனால் ஹவாய்த் தீவில் ஆடுகள் அதையே வயிறு முட்டத் தின்றுவிட்டு நன்றாக இருந்தன. ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆஸ்திரேலிய விஞ்ஞானி இதைப் பிடித்துக்கொண்டார். வேறுபாடு செடியில் இருக்க முடியாது, ஆட்டின் வயிற்றுக்குள்தான் இருக்க வேண்டும் என்பது அவர் ஊகம். 1980-களின் தொடக்கத்தில் ஹவாய் ஆட்டின் இரைப்பை நீரைக் கொண்டுவந்து ஆஸ்திரேலியக் கால்நடைகளுக்குச் செலுத்தினார்கள். நச்சு முறிந்தது. ஒரு மாட்டுக்குக் கொடுத்தால் சேர்ந்து மேயும் மற்ற மாடுகளுக்கும் அந்த நுண்ணுயிர் தானே பரவியது. பின்னர் அதைப் பிரித்தெடுத்து, 1992-ல் ஜோன்ஸின் பெயராலேயே ‘சினர்ஜிஸ்டெஸ் ஜோன்சியை’ என்று பெயரிட்டார்கள்.

நமக்கு இதில் உள்ள பாடம் எளிது. மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சூபாபுல் வேண்டாம். முதல் நாளே கூடை நிறையக் கொட்டாமல், ஒரு பிடியில் தொடங்கிப் பத்து நாளில் கூட்டிக்கொண்டு போங்கள். சினை மாட்டுக்கும் சினை ஆட்டுக்கும் குறைத்துக் கொடுங்கள். காயை முற்றி வெடிக்க விடாமல் அவ்வப்போது கவாத்து செய்யுங்கள். இல்லையென்றால் கழனி ஓரமெல்லாம் அதுவே முளைத்து நிற்கும்.

முளைத்து நிற்கும் தொல்லைக்குச் சீமைக்கருவேலத்தைவிட நல்ல உதாரணம் வேண்டாம். அதன் இலையை ஆடு தொடாது, காயை ஆசையாகத் தின்னும். விதை செரிக்காமல் புழுக்கையோடு வெளியே வந்து, எருவோடு சேர்ந்தே முளைக்கும். காயைத் தீவனமாக்க நினைத்தால் உலர்த்தி அரைத்துத்தான் கொடுக்க வேண்டும்.

நாட்டுக் கருவேலம் வேறு. ஸ்வீடன் நாட்டு உதவியோடு 1981-ல் தமிழ்நாட்டில் சமூகக் காடு வளர்ப்புத் திட்டம் வந்தபோது ஏரி உள்வாய்களில் கருவேலம் நட்டார்கள். தண்ணீரில் நின்றாலும் சாகாது என்பது காரணம். விறகுக்காக நட்டதுதான், ஏலம் விட்டு ஊராட்சிக்குப் பணமும் வந்தது. ஆனால் மேய்ப்பவருக்குக் கிடைத்த லாபம் காய். பங்குனி, சித்திரையில் தொரட்டியைக் கிளையில் மாட்டி ஓர் உலுக்கு உலுக்கினால், மணி கோத்த மாதிரியான சாம்பல் நிறக் காய்கள் சடசடவென்று விழும். சத்தம் கேட்டதுமே மந்தை அந்தப் பக்கம் ஓடும். காயில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் இருப்பதால் அளவு மீறினால் புரதத்தைக் கட்டிப் போட்டு வீணாக்கும்; அளவோடு தின்றால் வயிற்றுப் புழுவைக் குறைக்கவும் உதவும். வெள்ளாடு இந்தத் துவர்ப்பைச் செம்மறியைவிட நன்றாகத் தாங்கும்.

உத்திரமேரூர் என்றதும் எல்லோரும் சொல்வது பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டை. 919, 921 ஆண்டுகளின் அந்தச் சாசனங்களில் ஏரி வாரியம் உண்டு, தோட்ட வாரியம் உண்டு, பொன் வாரியமும் உண்டு. மேய்ச்சலுக்கு ஒரு வாரியம் இல்லை. ஆயிரத்து நூறு ஆண்டு கழிந்தும் அந்த இடம் காலியாகவே இருக்கிறது. மேய்க்கால் புறம்போக்கு என்று பதிவேட்டில் இருப்பதில் பலவற்றுக்குப் பட்டாவும் கட்டடமும் வந்துவிட்டன, மீதியில் சீமைக்கருவேலம். ஊரக வேலைத் திட்டத்தில் மரம் நடுவதற்கு இடமுண்டு. ஆனால் எந்த மரம் என்று கேட்கும்போது ஆடு மேய்ப்பவரை யாரும் கேட்பதில்லை. அழகுக்குக் கொன்றை, நிழலுக்குப் புங்கன் என்று முடிந்துவிடுகிறது. புங்கன் இலையை ஆடு விரும்பித் தின்னாது என்பது மேய்க்கிறவருக்குத் தெரியும்.

அடுத்த கிராம சபைக் கூட்டத்துக்கு ஆடு வைத்திருப்பவர்கள் நாலு பேராவது போங்கள். வாய்க்கால் கரைக்குப் பூவரசும் ஒதியனும், மேட்டுப் புறம்போக்குக்கு வாகையும் வேண்டும் என்று தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள். இரண்டு ஆண்டு கன்றைக் காக்க ஆடுகளை விலக்கி வைப்பதாக உங்கள் பக்கத்து வாக்கையும் அதிலேயே எழுதுங்கள். அதுவரை காத்திருக்க வேண்டாம் என்றால் ஆடிப்பட்டத்தில் வீட்டு வேலி ஓரம் அகத்தியும் வேலிமசாலும் விதைக்கலாம். கரணையும் விதையும் எங்கே கிடைக்கும் என்று காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்திலோ, உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்திலோ கேட்டால் சொல்வார்கள்.